அந்த இருபது நிமிடங்கள்

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் பொறுப்பு பத்து வருடங்களாக என் தலையில் இருக்கிறது. வாத்தியார் என்றால் கடிதம் எழுதத் தெரியும், கணக்கு வைக்கத் தெரியும் என்பது ஊராரின் நம்பிக்கை. புத்தளம் களப்போரத்துச் சிற்றூர் எங்களுடையது. அஸர் தொழுகை முடிந்ததும் பாதி ஊர் மைதானத்தில்தான் நிற்கும். மற்றப் பாதி, அங்கே நடந்ததை இஷாவுக்குப் பிறகு தேநீர்க் கடையில் பேசித் தீர்க்கும்.

சென்ற வருடப் போட்டிக் காலத்தில் எங்கள் அணி ஒரு விசித்திரமான நோயால் பீடிக்கப்பட்டிருந்தது. எல்லோரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். மான்குட்டி போல ஓடுவார்கள். முதற் பாதியில் கோல் போடுவார்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில், வைத்திருந்ததையெல்லாம் பறிகொடுப்பார்கள். தொடர்ந்து மூன்று போட்டிகளில் இதே கதைதான் நடந்தது.

மூன்றாவது போட்டிக்குப் பிறகு பள்ளிக்கூட விறாந்தையில் நிர்வாகக் குழு கூடியது. பொருளாளர்தான் முதலில் சொன்னார்.

"அவரைத் திரும்பக் கூப்பிடுவம் சேர்."

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையுமில்லை. பதினெட்டு வருடங்கள் எங்கள் அணியின் நடுவரிசையில் ஆடியவர். நான் பின்வரிசையில் நின்ற காலத்தில் எனக்கு முன்னால் நின்றவர். என்னைவிட நான்கு வயது இளையவர். இப்போது நாற்பத்திரண்டு. ஓட்டோ ஓட்டுகிறார்.

"நாப்பது தாண்டின மனிசனைக் கூட்டி வந்து என்ன செய்யப் போறீங்க? பொடியன்மார் எப்ப படிக்கிறது?" என்றார் இன்னொருவர். அதிலும் நியாயம் இருந்தது. நடுவரிசையில் இப்போது ஆடுகிறவன் என் வகுப்பில் படித்த பையன். அவனை வெளியே இருத்தி, அவனுடைய மாமன் வயதுள்ள ஒருவரை உள்ளே விட்டால் அவன் மனம் என்னாகும்?

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு கிழமை அவகாசம் கேட்டேன். காரணம், அவர்களுக்குத் தெரியாத ஒரு கணக்கு எனக்கும் அவருக்குமிடையே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கிழமை முழுக்க என் நினைவில் வந்துகொண்டிருந்தவர் ரொஜர் மில்லா. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, வாப்பாவின் கடையில் சாமான் சுற்ற வைத்திருந்த பழைய பத்திரிகைத் தாளொன்றில் அவருடைய படத்தைக் கண்டேன். மூலைக் கொடியின் அருகே இடுப்பில் கை வைத்து ஆடிக்கொண்டிருந்தார். அந்தத் தாளைக் கிழித்துப் பாடப் புத்தகத்துள் வைத்திருந்தேன். அவருடைய கதையை முழுமையாக அறிந்துகொண்டது பிற்காலத்தில்தான்.

1982 உலகக் கிண்ணத்தில் கெமரூனுக்காக ஆடியவர் அவர். பிரான்ஸின் கழகங்களில் பல வருடங்கள் விளையாடியபின், தேசிய அணிக்கு விடைகொடுத்துவிட்டு, நம்முடைய இதே இந்து சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவுக்குப் போய் அங்கே ஒரு சிறு கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். 1990 உலகக் கிண்ணம் நெருங்கியபோது கெமரூன் ஜனாதிபதி போல் பியா அவரைத் தொலைபேசியில் அழைத்து, அணிக்குத் திரும்பும்படி கேட்டார். அப்போது மில்லாவுக்கு முப்பத்தெட்டு வயது.

அதன்பின் நடந்ததை உலகம் அறியும். ருமேனியாவுக்கு எதிராக இரண்டு கோல். கொலம்பியாவுக்கு எதிராக மேலதிக நேரத்தில் இரண்டு கோல். காலிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க நாடு என்ற பெருமை கெமரூனுக்கு. அங்கே இங்கிலாந்துக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கியிருந்த வேளையில், இடைவேளைக்குப் பின் இறங்கினார். அவரை வீழ்த்தியதால் ஒரு தண்ட உதை கிடைத்தது. அவர் கொடுத்த பந்தில் இன்னொரு கோல் விழுந்தது. கெமரூன் முன்னிலைக்கு வந்தது. லினேக்கரின் இரண்டு தண்ட உதைகளால்தான் இங்கிலாந்து 3க்கு 2 என்று தப்பியது.

கிழவரைக் கூப்பிட வேண்டும் என்று வாதாடுகிற எவரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு சிறிய விடயத்தை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த உலகக் கிண்ணத்தின் ஐந்து போட்டிகளிலும் மில்லா மாற்று வீரராகவே இறங்கினார். ஒரு போட்டியிலும் முதல் பதினொருவரில் அவர் இல்லை. ஆரம்பப் போட்டியில் ஆர்ஜன்டீனாவை வீழ்த்திய கோலைப் போட்டவர் ஓமம் பியிக். மில்லா அன்று இறங்கியதே கடைசி நிமிடங்களில்தான். மற்றவர்கள் ஓடி ஓடி எதிரணியைக் களைக்கச் செய்தபின், களைத்த கால்களுக்கு நடுவே அவர் புகுந்தார். அழைத்தவர்களுக்கு அவரிடம் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது, என்ன இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

அதே மில்லாவை நான்கு வருடங்கள் கழித்து 1994இல் அமெரிக்காவுக்கும் அழைத்துப் போனார்கள். வயது நாற்பத்திரண்டு. ரஷ்யாவுக்கு எதிரான போட்டியில், இடைவேளையின்போது கெமரூன் மூன்று கோல்களால் பின்தங்கியிருந்தது. அவர் இறங்கிய மறு நிமிடமே ஒரு கோல் போட்டார். உலகக் கிண்ணத்தில் கோல் போட்ட ஆக வயது கூடியவர் என்ற பெயர் அதனால் வந்தது. ஆனால் போட்டி 6க்கு 1 என்று முடிந்தது. சலென்கோ என்ற ரஷ்யர் தனியாளாக ஐந்து கோல் போட்டார். சாதனை மில்லாவுக்கு, தோல்வி கெமரூனுக்கு. சுவர் இடிந்த வீட்டுக்கு அழகான கதவு போட்டு என்ன பயன்?

மாற்று வீரராக வந்தால்தான் சரி என்றும் சொல்லிவிட முடியாது. 2004இல் பிரான்ஸ் அணியிலிருந்து விலகிய ஸிடான், தகுதிகாண் சுற்றில் அணி தடுமாறியபோது 2005இல் திரும்பி வந்தார். துராமும் மக்கலேலேயும் அவரோடு வந்தார்கள். 2006 உலகக் கிண்ணத்தில் அணியின் தலைவராகவே முதல் நிமிடத்திலிருந்து ஆடினார். இறுதிப் போட்டிவரை கூட்டிப் போனார். அங்கே கோலும் போட்டார், 110ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டையும் வாங்கினார். ஆனாலும் அவர் வராதிருந்தால் பிரான்ஸ் அந்த இடத்துக்குப் போயிருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே வயது எத்தனை என்பதல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றியது. எதற்காக அழைக்கிறோம் என்பதுதான் கேள்வி. அணிக்கு இல்லாத ஒன்றை அவர் கொண்டுவருவாரா? அல்லது அணியில் உள்ள ஓட்டையை அவருடைய பெயரால் மூடப் பார்க்கிறோமா?

இனி அந்தக் கணக்குக்கு வருகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் அவரை அணியிலிருந்து நீக்கியவன் நான்தான். நீக்கியது பிழையல்ல. முழங்கால் நோவோடு ஒரு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தார். பிழை, நீக்கிய விதம். முதல் நாளே அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மறுநாள் மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் பட்டியலை வாசித்தேன். அவர் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார். தன் பெயர் வரவில்லை என்று தெரிந்ததும் அந்த நூலை மெதுவாக அவிழ்த்தார். எழும்பிப் போய்விட்டார். அதன்பின் வழியில் கண்டால் ஸலாம் சொல்வார், பதில் சொல்வேன். அவ்வளவுதான்.

அவரைத் திரும்ப அழைக்க என் மனம் துடித்ததில் அணியின் நலம் எவ்வளவு, என் குற்றவுணர்வு எவ்வளவு என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை.

கிழமை முடிவதற்குள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். விடயத்தைச் சொன்னேன். கையிலிருந்த துணியைப் பிழிந்து வேலியில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"எதுக்குக் கூப்பிடுறீங்க சேர்? டீமுக்கா, இல்லாட்டி அன்டைக்கு நடந்ததுக்கா?"

பொய் சொல்ல முடியவில்லை. "ரெண்டுக்கும்தான்" என்றேன்.

"அன்டைக்கு நடந்ததுக்கு நீங்க இப்ப வந்ததே போதும். டீமுக்கெண்டா சொல்லுங்க, எனக்கு எத்தனை நிமிஷம்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் குழுவில் இரண்டு மணித்தியாலம் பேசியும் கேட்காத கேள்வியை அவர் கேட்டுவிட்டார். கடைசி இருபது நிமிடம் என்றேன். சிரித்தார். "அதுக்கு மேல என்ட முழங்காலும் தராது" என்றார். பையனே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும், அவனோடு தானும் பயிற்சிக்கு வர வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"இனி நான் வேணாமெண்டு நினைக்கிற நாள் வந்தா, பட்டியல் எழுத முந்தி எனக்குச் சொல்லிருங்க."

சரி என்றேன்.

அடுத்த போட்டியில் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது இறங்கினார். கோல் போடவில்லை. ஓடியதுகூடக் குறைவு. பந்து வந்தால் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார். கடைசி நிமிடங்களில் பந்தை எதிரணியின் மூலைக் கொடியடிக்குக் கொண்டுபோய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பொடியன்கள் வந்து முட்டினார்கள். பந்து அவரிடமே இருந்தது. மத்தியஸ்தர் விசில் ஊதினார். பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் அணி ஒரு கோலைக் காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பியது.

கிண்ணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அரையிறுதியில் 2க்கு 1 என்று தோற்றோம். அன்று அவர் இறங்கும்போதே நாங்கள் பின்தங்கியிருந்தோம். துரத்திப் பிடிக்கிற ஆட்டத்துக்கு அவரிடம் கால் இல்லை. ஆனால் அந்த நாளில் பையன் ஒரு தடவை பந்தை நிறுத்தி, தலையை உயர்த்தி, யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக் கொடுத்ததைக் கண்டேன். அதை நான் அவனுக்குப் படிப்பிக்கவில்லை.

இந்த வருடப் பட்டியலைத் தயாரிக்க வேண்டிய நேரம் வந்தது. நடுவரிசைக்கு இனிப் பையனே போதும் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மஹ்ரிபுக்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன். கால்கள் கனத்தன. நான்கு வருடங்களுக்கு முன்னும் இதே தூரம்தான் இருந்தது.

என்னைப் படலையடியில் கண்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. நான் வாய் திறக்குமுன் உள்ளே திரும்பி, "சேர் வந்திருக்கார், பிளேன்டீ ஒண்டு போடுங்க" என்று குரல் கொடுத்தார். பிறகு வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.