பிள்ளை பெற இடமில்லாத ஊரில் ஒரு கவர்னர்

வட துருவத்துக்குப் பக்கத்தில் ஊர்கூட இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கிறது! நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்யெர்பியென் என்ற சிற்றூர். ஆஸ்லோவிலிருந்து விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம். மார்ச் முதல் வாரத்தில் போய் இறங்கினேன். அம்மாடி, என்ன குளிர்! மூக்கு நுனி மரத்தே போயிற்று.

விடுதி வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அட, நம்ம வீட்டு வழக்கம்! நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் கரித்தூளை உள்ளே கொண்டுவராதிருக்க ஏற்பட்ட பழக்கமாம்.

விடுதிக்காரப் பெண்மணியின் இடுப்பில் ஒரு குழந்தை. "இங்கேதான் பிறந்தானா?" என்றேன்.

"இங்கே பிரசவம் பார்க்க வசதி இல்லீங்க. மூணு வாரம் முன்னாடியே மெயின்லாண்டுக்குப் போயிடணும். மூத்தவளை விட்டுட்டுப் போனப்போ அழுதுட்டேன்" என்றாள்.

அவள் சொல்லித்தான் கவர்னரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர் அல்ல. நார்வே அரசு நியமிப்பவர். 1925 முதல் இருக்கும் பதவி. ஊர்க் காரியங்களுக்கு 2002 முதல் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தாலும், தீவுகள் முழுவதற்கும் அரசின் கண்ணும் கையும் கவர்னர்தான். போலீஸ் தலைவரும் அவரே. பனிக்கரடியையும் அவர் காக்க வேண்டும், கரடியிடமிருந்து மனிதரையும் காக்க வேண்டும்! பனியில் யாராவது சிக்கினால் ஹெலிகாப்டர் அனுப்புவதும் அவர் அலுவலகமே.

1995-ல் ஆன்-கிறிஸ்டின் ஓல்சன் இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. மறு வருஷமே, 1996 ஆகஸ்ட் 29-ல், ரஷ்யச் சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் வந்த விமானம் மலையில் மோதி 141 பேரும் மாண்டார்கள். அந்தத் துயரம் அவர் காலத்தில்தான் நேர்ந்தது. பதவியின் பழைய பெயர் 'மனிதன்' என்ற ஆண்பாலில் முடியும்; 2021 ஜூலையில்தான் இருபாலருக்கும் பொதுவான பெயராக மாற்றினார்கள்.

இங்கே வந்து வாழ எந்த நாட்டவருக்கும் விசா வேண்டாம். ஆனால் தன் கையால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாதவரை வெளியேற்றும் அதிகாரம் கவர்னருக்கு உண்டு. வயதானவர்களுக்குப் பராமரிப்பு இல்லமும் கிடையாது.

"பனியில காணாமப் போனா தேடி வர்றதும் அவங்கதான், வேலை போய், கையில காசில்லைன்னா போகச் சொல்றதும் அவங்கதான்" என்றாள் அவள். குரலில் கோபமில்லை. ஆனால் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

எனக்கு மனசு என்னவோ போல் ஆயிற்று. பிரசவமோ, முதுமையோ, நோயோ, எது வந்தாலும் நம் வீட்டில் ஒரு மூலை உண்டு என்று இருக்கிறோமே, அதன் அருமை அங்கேதான் புரிந்தது.

அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன், மார்ச் 8-ஆம் தேதிதான் மலைகளைத் தாண்டி ஊருக்குள் எட்டிப் பார்க்கும். அன்று மகளிர் தினமும்கூட, பாருங்களேன்! பழைய ஆஸ்பத்திரிப் படிகளில் ஊரே கூடியது. முகத்தில் மஞ்சள் பூசிய குழந்தைகள் சூரியனைக் கூவி அழைத்தார்கள். வெயில் மெல்ல வந்து படியைத் தொட்டது.

விடுதிக்காரி தன் பிள்ளையின் கன்னத்தை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தாள். பிறந்த ஊர் இதுவாக இல்லாவிட்டால் என்ன, வளரும் ஊர் இதுதானே!