படியேறித் தொழ ஏற்ற மலை எது?

மலைமேல் உறையும் தெய்வத்தைப் படியேறித் தொழ வேண்டும் என்னும் ஆவல் வயதால் குறைவதில்லை. முழங்கால்தான் இடம் கொடுப்பதில்லை. காலையில் ஏறி, தரிசித்து, பொழுது சாய்வதற்குள் இல்லம் திரும்ப எண்ணும் பெரியோர், தலத்தின் பெருமையோடு படிகளின் இயல்பையும் அறிந்து புறப்படுதல் நலம்.

முதலில் திருத்தணிகை. முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இம்மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்பர். டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடி ஏறும் திருப்படித் திருவிழா புகழ்பெற்றது. நெடுநாள் மலையேறாதவர்கள் இங்குத் தொடங்கலாம். இயலாதவர்க்கு மேல்வரை சாலையும் உண்டு. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை மட்டும் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது சோளிங்கர். திருக்கடிகை என ஆழ்வார்கள் போற்றிய இத்திவ்யதேசத்தில் ஒரு நாழிகைப் பொழுது தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்பது நம்பிக்கை. பெரிய மலையில் அமிர்தவல்லித் தாயாருடன் யோக நரசிம்மர். ஏற வேண்டிய படிகள் 1305. எதிரே சிறிய மலையில் சங்கு சக்கரம் தாங்கிய நாற்கரத்து யோக ஆஞ்சநேயர்; அங்கு 406 படிகள். யோகத்தில் கண்மூடியிருக்கும் பெருமாள் கார்த்திகையில் கண் திறப்பதாக ஐதிகம். அம்மாதத்தில் கூட்டம் அலைமோதும். மற்ற மாதங்களில் விடியற்காலையில் ஏறுவோர், வழியில் நின்று வயல்வெளிகளையும் குன்றுகளையும் கண்குளிரக் காணலாம். குரங்குகள் மிகுதி; பழப்பையைக் கையில் தொங்கவிட்டுச் செல்வோர் பாடு திண்டாட்டம்தான்! 2024-ஆம் ஆண்டு முதல் பெரிய மலைக்கு ரோப் கார் இயங்குகிறது. அதில் செல்வதால் புண்ணியம் குறையுமோ என்று சில பெரியோர் தயங்குகின்றனர். பெருமாள் படிக்கணக்குப் பார்ப்பவர் அல்லர். உண்மையில் முழங்காலை வருத்துவது ஏற்றத்தைவிட இறக்கமே. உடல் இடம் கொடுப்பவர்கள் படியேறிச் சென்று, ரோப் காரில் இறங்குவது சாலச் சிறந்தது. அன்று அது இயங்குகிறதா என்பதை அடிவாரத்திலேயே கேட்டறிய வேண்டும்.

திருமலையின் கதை வேறு. அலிபிரி வழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2388 படிகளே. தொலைவு குறைவு, ஆனால் ஏற்றம் செங்குத்து. குறைந்த எண்ணிக்கையைக் கண்டு ஏமாறலாகாது. அலிபிரி வழியிலும் இறுதியில் வரும் முழங்கால் முறிச்சான் பெயருக்கேற்ற ஏற்றமே. மலை முழுவதும் திருமேனி எனக் கருதி, கால் பதிக்க அஞ்சி இராமாநுசர் முழங்காலால் ஏறினார் என்று பெரியோர் கூறுவது இம்மலையைத்தான். அறுபது கடந்தவர்களும், இருதய நோய், இரத்த அழுத்தம், மூட்டுவலி உடையவர்களும் நடந்து வருவதைத் தவிர்க்குமாறு தேவஸ்தானமே அறிவுறுத்தியுள்ளது. அவர்கள் பேருந்தில் மேலே செல்லலாம். நடந்து வரும் பிள்ளைகளும் பேரர்களும் மேலே வந்து சேர்ந்தபின், குடும்பமாகத் தரிசன வரிசையில் நிற்கலாம்.