கழுவாமல் கொண்டு வாருங்கள்

செருப்பு வாங்கப் போகிறவன்கூடக் கடையில் நுழையுமுன் தன் காலை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்கிறான். நான் டயர் வாங்கப் போனபோது பாதையை நினைக்கவில்லை. முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். பிறகு கடைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். அதன் பலனை அனுபவித்தது நான் அல்ல, வேறொருத்தி. கதை எழுதிப் பிழைக்கிறவன் டயரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

என் மைத்துனருக்குக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அப்பால், ஒரு சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிற தார்ச்சாலை ஊரோடு சரி. அங்கிருந்து தோட்டத்துக்கு 4 கிலோமீட்டர் மண் பாதை. இரண்டு வருஷங்களுக்கு முன் அவருக்கு இருதயத்தில் ஏதோ அடைப்பு என்று மதுரையில் தங்கி வைத்தியம் செய்துகொள்ள வேண்டி வந்தது.

"மாப்பிள்ளை, இந்த ஒரு பழப் பருவம் மட்டும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் எழுதுவதற்கு அமைதியான இடம்" என்றார்.

அமைதியான இடம் என்று சொல்லிவிட்டால் எழுத்தாளன் எதற்கும் சம்மதித்துவிடுவான்.

காப்பிப் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரபிகா பழம் நவம்பர், டிசம்பரில்தான் சிவக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்கிறது. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கும் இயந்திரத்தில் போட்டாக வேண்டும். மூட்டையில் விட்டுவைத்தால் புளித்துப்போய்க் காப்பியின் வாசனையே கெட்டுவிடும். ஆகவே, பாதை எந்த நிலையில் இருந்தாலும் வண்டி ஓடியே தீர வேண்டும்.

வண்டி, பழைய மாருதி ஜிப்ஸி. 1985-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, 2019-வாக்கில் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் போன அந்தச் சின்ன வண்டிதான். ஏறக்குறைய 1,000 கிலோ எடை. நான்கு சக்கரத்துக்கும் இழுப்பு. மைத்துனர் அதில் ஜீப்பின் 16 அங்குல ரிம்களை மாட்டி, 6.00-16 என்ற அளவில் ஒடுக்கமான டயர்கள் போட்டிருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ஜீப்புகள் ஓடிய அதே அளவு. அகலம் 6 அங்குலம்தான். மேலே ரப்பர்க் கட்டைகள், நம் மெக்கானிக்குகள் பட்டன் என்கிறார்களே அவை, ஒன்றுக்கொன்று விரலை விடுகிற இடைவெளியில் துருத்திக்கொண்டு நிற்கும். தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம் போனால் போதும், ஒரே இரைச்சல்.

"மாவு மில்லுக்குள் உட்கார்ந்து பிரயாணம் செய்கிற மாதிரி இருக்கிறது" என்றாள் என் மனைவி.

எனக்கும் அந்த டயர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி இருந்தன. செப்டம்பர் மாதம் மதுரையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். வண்டியோடு வந்த 15 அங்குல ரிம்கள் கொட்டகையில் சும்மா கிடந்தன. அவற்றுக்கு 235/75 R15 டயர்கள் வாங்கிப் போட்டேன். அகலம் 235 மில்லிமீட்டர்; பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 75 சதவிகிதம்; ரிம் 15 அங்குலம். இத்தனையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன், கற்ற கையோடு மனைவிக்கும் போதித்தேன். உயரம் பழையதற்கு ஏறக்குறைய சமம். அகலம் மட்டும் ஒன்றரை மடங்கு. பட்டன்கள் நெருக்கமாக, கோலம் போட்டது போல அழகாக இருந்தன. பக்கவாட்டில் வெள்ளை எழுத்து வேறு. பழைய டயர்களை ரிம்மோடு கடைக்காரரே எடுத்துக்கொண்டார். திரும்பி வருகையில் வண்டியில் சத்தமே இல்லை. நாங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தோம்.

மேஸ்திரி புது டயர்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நல்லா இருக்குங்க ஐயா" என்றார். அவ்வளவுதான். முதலாளியின் மைத்துனனிடம் அதற்கு மேல் என்ன சொல்வார்?

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் மாலை நான்கு மணி இருக்கும். தோட்டத்தில் எல்லோரும் ஆத்தா என்று கூப்பிடுகிற ஒரு கிழவி, பழச் சாக்கைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. இடது கால் ஒரு மாதிரி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பின்னால் கோணிகளை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். அவள் பேத்தி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி முன்னால் ஏறிக்கொண்டார். நான் ஓட்டினேன்.

பாதி தூரத்தில் ஓடையைத் தாண்டி ஒரு மேடு. நூறு அடி இருக்கும். நான்கு சக்கர இழுப்பையும் போட்டு ஏறினேன். பத்தடி போனதும் வண்டி நின்றது. சக்கரம் மட்டும் சுழன்றது.

நான்கு சக்கர இழுப்பு என்றால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அப்படியல்ல. வயலில் எந்த மடை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும் இல்லையா? அதுபோல, ஓர் அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களில் எது வழுக்குகிறதோ அதைத்தான் எஞ்சின் வெறுமே சுற்றிக்கொண்டிருக்கும். பிடிமானம் உள்ளது சும்மா நிற்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வழுக்கினால் போதும், நாலு சக்கர வண்டி நின்றுவிடும். அந்த இடத்தில் வண்டியைக் காப்பாற்ற வேண்டியது டயர்தான்.

இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டனும் இல்லை, கோலமும் இல்லை. பள்ளங்கள் முழுவதும் செங்களி அடைத்துக்கொண்டு, சக்கரம் குயவன் வனைந்து வைத்த பானை போல வழவழவென்று இருந்தது. சேற்றில் அந்தப் பானை சுற்றிக்கொண்டிருந்தது.

முன்னும் பின்னுமாக ஆட்டி எடுத்தால் ஏறிவிடும் என்று முயன்றேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ ஆத்தா சொன்னாள்: "ஆட்டாதய்யா."

சக்கரத்தின் ரிம் ஓட்டைகள் வழியாகக் கயிற்றுக் கயிறாகச் சுற்றிக் கட்டினோம். இரண்டு முழம் ஏறியது, கயிறு அறுந்தது. கல், கிளை, என் கம்பளி எல்லாவற்றையும் சேறு விழுங்கிக்கொண்டது. கடைசியில் மேஸ்திரி போய் எட்டு ஆட்களைக் கூட்டி வந்தார். மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, இரண்டு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு நடந்து தார்ச்சாலை சேர்த்தார்கள். அவர்களுடைய கால்கள் வழுக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். விரல்களைச் சேற்றுக்குள் குத்தி, அடியில் இருந்த கெட்டியைப் பிடித்து நடந்தார்கள்.

இடுப்பெலும்பு முறிவு. திண்டுக்கல்லில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மணி நேரத் தாமதத்தால் பாதகம் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வத்தலக்குண்டில் மேஸ்திரிக்குத் தெரிந்த ஒரு டயர்க்கடை உண்டு. போனில் விவரம் சொன்னபோது கடைக்காரர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாராம்: "வண்டியைக் கழுவாம கொண்டு வரச் சொல்லுங்க."

போனேன். வயசு அறுபதுக்கு மேல் இருக்கும். என்னை உட்காரச் சொல்லக்கூட இல்லை. ஒரு திருப்புளியை எடுத்து, டயரின் பள்ளத்தில் காய்ந்திருந்த களியைக் குத்திப் பெயர்த்தார். செங்கல் துண்டு மாதிரி விழுந்தது. அதை விரலால் நசுக்கி, முகர்ந்துகூடப் பார்த்தார்.

"சார், சேறு பள்ளத்துக்குள்ள போகணும், சக்கரம் சுத்தும்போது தானா வெளியே தெறிக்கணும். இதிலே போனது போனதுதான். கீழே எப்படி? ஒரு சாண் போனா கெட்டி இருக்கா, இல்லை போய்க்கிட்டே இருக்கா?"

தெரியவில்லை என்றேன்.

"அது தெரியாம டயர் விக்கிறதும் தப்பு, வாங்கறதும் தப்பு. போய்க் கடப்பாரையைப் போட்டுப் பார்த்துட்டு வாங்க."

நாற்பது ரூபாய்ப் பேனாவை வாங்குகிறவனிடம்கூட இன்றைக்கு எந்தக் கடைக்காரரும் இப்படிப் பேசமாட்டார். திரும்பி மலையேறி, அந்த மேட்டில் கடப்பாரையை இறக்கிப் பார்த்தேன். ஒரு சாண் களி. அதன் கீழே டங்கென்று சரளை. மறுபடியும் கடைக்குப் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார்.

அடியில் கெட்டி உண்டென்றால் ஒடுக்கமான டயர். வண்டியின் பாரம் குறைந்த இடத்தில் இறங்குவதால், களியைக் கிழித்துக்கொண்டு சரளையைப் போய்த் தொடும். அகலமான டயர் மேலேயே மிதந்து வழுக்கும். அடியே இல்லாத சதுப்பு, மணல் என்றால் கதை வேறு. அங்கே மிதக்கிற டயர்தான் வேண்டும், அகலம் உதவும். என் டயரில் எம் பிளஸ் எஸ் என்று சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றதாக முத்திரை இருந்ததைப் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரித்தார். அது டயர் செய்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்கிற அடையாளம். பனிக்கு என்று சோதித்துத் தருகிற மலைச் சின்னம் தனி.

கடைசியில் 6.00-16 டயருக்கே திரும்பினேன். ரிம்களையும் அவரே பழையதாகத் தேடிக் கொடுத்தார். விற்கும்போதே அதன் குற்றங்களையும் சொன்னார். நனைந்த தாரில் இந்தப் பட்டன்களுக்குப் பிடிப்புக் குறைவு. ரப்பர் தரையைத் தொடுகிற இடமே கொஞ்சம். மலைச்சாலை வளைவில் மழை நாளில் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். பிரேக்கை நம்பிப் பக்கத்தில் போகக் கூடாது. மண் பாதை தொடங்குகிற இடத்தில் காற்றை 26-இலிருந்து 18-க்கு இறக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். டியூப் போட்ட டயர், ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். தார் ஏறுமுன் மறக்காமல் காற்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு குற்றத்தை அவர் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். இந்த டயர் பாதையையே உழுதுவிடுகிறதாம். அவர் சொல்வது நியாயந்தான். வருஷத்துக்கு இரண்டு தரம் சரளை கொட்டிச் செப்பனிடுவதில் பாதிச் செலவு இப்போது எங்களுடையது.

மைத்துனர் தேறி வந்துவிட்டார். டயர் மாறிப் பழையபடி மாறிய கதையை மேஸ்திரி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மனைவியும் இப்போது மாவு மில்லைப் பற்றிப் பேசுவதில்லை.

பழப் பருவத்தில் நான் இன்னும் போய் ஒரு மாதம் இருக்கிறேன். ஆத்தா கைத்தடி ஊன்றிக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிறாள். பறிக்கப் போவதில்லை, களத்தில் உட்கார்ந்து காப்பிக்கொட்டையைப் புரட்டுகிறாள். ஊரிலிருந்து வரும்போதும் போகும்போதும் அந்த மேட்டில்தான் அவளைப் பார்ப்பேன். வண்டியை நிறுத்தி, "ஏறிக்கொள் ஆத்தா" என்பேன். "நீ போய்யா, நான் மெல்ல வர்றேன்" என்பாள். ஓரமாக ஒதுங்கி, தடியை ஊன்றி நின்று, வண்டி தன்னைக் கடந்து மேடு ஏறி முடிக்கிறவரை சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.