ஈர நெல்லும் ராத்தூக்கமும்

ஐப்பசி மழைக்கு நடுவே குறுவையை அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டுக் காத்திருப்பவனிடம் போய் "டென்ஷன் ஆகாதே" என்று சொல்லிப் பாருங்கள், ஆத்திரம்தான் வரும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். மேலே தார்ப்பாய், அடியில் ஓதம், ஓரத்தில் முளை கட்டிய நெல். மனசு எப்படி அடங்கும்?

அங்கே ராக்காவல் இருப்பவர்களை நான் வருஷக்கணக்காகக் கவனித்திருக்கிறேன். ஒண்டியாகப் படுத்துக் கிடப்பவன் விடியும்போது பாதி ஆளாகிவிடுவான். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, முறை வைத்துத் தூங்கி, வெயில் தலைகாட்டியதும் ஆளுக்கொரு பக்கம் நெல்லைக் கிளறிவிடுகிறவர்கள் தெம்பாக இருப்பார்கள். இத்தனைக்கும் அவர்கள் நெல்லும் அதே ஈரம்தான். பேச ஆள் இருந்தது, கைக்கு வேலை இருந்தது, கண்ணும் கொஞ்சம் அசந்தது.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும். முன்பெல்லாம் அதற்குள் நாங்கள் வாய்க்காலை வெட்டிச் சீர் செய்துவிடுவோம். இப்போதோ நடுராத்திரியில் செல்போனைத் திறந்து, 120 அடி அணையில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்க்கிறார்கள். நாம் பார்ப்பதால் அது ஓர் அங்குலம் ஏறப்போகிறதா? காலையில் ஒரு தரம் பார்த்துவிட்டு வரப்பில் ஒரு நடை போய் வாருங்கள், தம்பிகளே.

குவாட்டர் போட்டால் தூக்கம் வருகிறது என்பான் ஒருவன். மூன்று மணிக்கு முழிப்புத் தட்டும். அப்போது கடன் அப்படியே இருக்கும், கூடத் தலைவலியும்.

2016இல் குறுவைக்குத் தண்ணீர் இல்லை. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. கருகிய சம்பாவைப் பார்த்து மாரடைப்பில் போனவர்களும், தாமாகவே போய்விட்டவர்களும் டெல்டாவில் உண்டு. கந்துவட்டிக் கணக்கைப் பெண்டாட்டியிடம் சொல்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறோமே, அதுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டதென்றால் டாக்டரைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இதனாலெல்லாம் நெல் காயாது என்பீர்கள். வாஸ்தவம். அதற்குத்தான் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. ஈரப்பதத் தளர்வு கேட்டு அங்கே நாலு பேரோடு போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தவர்கள் அன்று ராத்திரி குறட்டை விட்டதை நானே கேட்டிருக்கிறேன்.