கை வலிக்குக் காரணம் கழுத்து!

"கட்டைவிரல் விண்ணுவிண்ணுனு தெறிக்குதும்மா, இனிமே கிளாஸுக்குப் போகலை" என்றாள் என் பெண். வயது பதின்மூன்று. எலக்ட்ரிக் கிடார் ஆரம்பித்து நாலே மாதம். கற்றுக் கொடுப்பவரோ, "உனக்குக் கை சின்னது, கீபோர்டுக்கு மாறிடு" என்று சொல்லிவிட்டாராம். சின்னக் கைக்குக் கிடார் வராதா என்ன? எனக்கு மனசு ஒப்பவில்லை.

அது என் அண்ணா பிள்ளை வாசித்த கிடார். பழுது பார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் தந்தியைத் தொடவேயில்லை. இடது கை பற்றும் நீளக் கட்டையின் பின்பக்கத்தைத்தான் தடவிப் பார்த்தார். அதற்குக் 'கழுத்து' என்று பெயர்.

இந்தப் பின்பக்கம் எல்லாக் கிடாரிலும் ஒன்றுபோல் இருக்காது. 'சி' எழுத்துபோல் இதமான வளைவு ஒரு ரகம். 'யூ' போல் பருத்தது, 'வி' போல் நடுவில் முகடு உள்ளது என்றும் உண்டு. ஒரே மாடலிலேயேகூட மாறும். கிப்ஸன் லெஸ் பாலில் 1959-ல் உருண்டையாக இருந்த கழுத்து, 1960-ல் ஒல்லியாகிவிட்டது.

எங்களுடையது 'யூ'. உள்ளங்கை அதிலேயே நிறைந்துவிட, விரல் தந்தியை எட்டுவதற்காக இவள் மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலை அழுத்தியிருக்கிறாள். அப்புறம் வலிக்காமல் என்ன செய்யும்? அதற்காக ரொம்ப ஒல்லியும் ஆகாது. பிடிமானம் இல்லாமல் கிள்ளிப் பிடிக்க வேண்டிவரும். காம்பு மெலிந்த கரண்டியால் ஒரு அண்டா பாயசம் கிண்டியவர்களுக்கு இது புரியும்!

நல்லவேளை, இந்த மாடலில் கழுத்து நாலு திருகாணியில் நிற்கிறது. கழற்றிவிட்டு, மெலிந்த 'சி' கழுத்து ஒன்றை மாட்டினோம். அதிலும் ஒரு தொல்லை. பளபளவென்ற பாலியூரித்தேன் பூச்சு. நம் ஊர் வியர்வைக்குக் கை ஒட்டிக்கொண்டு, நகரும்போதெல்லாம் பிடித்து இழுத்தது. பூச்சே இல்லாமல் விட்டாலோ, மேப்பிள் மரம் வியர்வையையும் அழுக்கையும் குடித்துவிடும்.

மிக நைஸான இரும்பு நாரால் பின்பக்கத்தை மட்டும் லேசாகத் தேய்த்து மங்கலாக்கினார். அதற்கு முன்னால், தந்திக்கு அடியில் இருக்கும் பிக்-அப்பைக் காகிதம் ஒட்டி மூடினார். அதில் காந்தம் இருப்பதால் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளுமாம். (பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்கிவிடாதீர்கள்!)

புதிதாக வாங்குகிற சகோதரிகள், குழந்தையைக் கடைக்கே அழைத்துப் போங்கள். நிறத்தைப் பார்ப்பது அப்புறம். கால்மணி நேரமாவது கழுத்தைப் பிடித்து வாசிக்கட்டும், முடிந்தால் கொஞ்சம் வியர்த்த கையோடு.