தாம்பரம் முதல் வடநெம்மேலி வரை

வேட்டை என்றதும் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது, தொப்பி தரித்த துரையொருவர் துப்பாக்கியும் கையுமாக, மாண்டு கிடக்கும் புலியின்மீது ஒரு காலை ஊன்றி நிற்கும் புகைப்படந்தான். அந்த வேட்டைக்குச் சட்டமும் இருந்தது, லைசென்ஸும் இருந்தது. நீலகிரியில் வேட்டையாடுவதையும் மீன் பிடிப்பதையும் வரையறுக்கச் சென்னை சர்க்கார் 1879-ஆம் வருஷத்திலேயே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. தலைமுறை தலைமுறையாக அம்மலையில் வாழ்ந்தவனைக் கலந்துகொண்டா அதை இயற்றினார்கள் என்று கேட்பது வீண். சுதந்திரம் வந்த பின்னர், 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் அதற்கு ஒரு திருத்தமும் நிறைவேறின. பொழுதுபோக்குக்காகச் சுடுவதற்கு லைசென்ஸ் கொடுக்கும் வழக்கம் அத்துடன் ஒழிந்தது.

ஆயினும் வேட்டை உத்தரவு என்பதே அடியோடு மறைந்துவிடவில்லை. அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவில், உயிர் காக்கும் மருந்து செய்வதற்காகப் பாம்பின் விஷத்தைச் சேகரிக்க இடங்கொடுக்கும் விலக்கு ஒன்று இருக்கிறது. அந்த விலக்கைக் கொண்டு சர்க்காரிடம் உத்தரவு பெற்று வேட்டையாடும் கூட்டத்தார், சென்னைக்குத் தெற்கே செங்கற்பட்டுச் சீமையில் இருக்கிறார்கள். எந்த ஜாதிப் பாம்பில் எத்தனை பிடிக்கலாம் என்பதை அந்த உத்தரவு எண்ணிட்டுச் சொல்லும். அவர்களிடம் துப்பாக்கி கிடையாது. பிடித்ததைக் கொல்லவும் கூடாது. வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு மீண்டும் காட்டிலே விட்டுவிட வேண்டும். அவர்கள்தாம் இருளர்கள். வில்லியர் என்றும் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. வில் போய்விட்டது; பெயர் மட்டும் நிற்கிறது.

அவர்களுடைய வேட்டை நிலத்தை ஒரு முறை நடந்தே பார்த்துவிட வேண்டும் என்னும் ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. தை மாதத்தில் ஒரு விடுமுறை நாளன்று, பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே காலைத் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொள்ளும் சுபாவமுள்ள நண்பர் ஒருவரையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

1931-ஆம் ஆண்டு முதல் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடுகிறது. கிண்டியைத் தாண்டும்போது கிழக்கே தெரியும் மரக்கூட்டம், ஒரு காலத்தில் வேட்டைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த வனத்தின் மிச்சம். கவர்னர்கள் அங்கே ஒரு மாளிகை கட்டிக்கொண்டு கோடைக்கும் கேளிக்கைக்கும் வந்து தங்கினார்கள். 1978 முதல் அது தேசியப் பூங்கா. இப்போது பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வெளிமானும் புள்ளிமானும் அதற்குள் பிழைத்திருக்கின்றன. குரோம்பேட்டை என்ற பெயரைப் படிக்கும்போது, அது ஒரு தோல் பதனிடும் கம்பெனியினால் வந்த பெயர் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தோல் வியாபாரத்துக்கும் நம் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

தாம்பரத்தில் இறங்கினோம். 2021-ல் நகராட்சி என்ற நிலையிலிருந்து மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது. கூட்டமும் கூச்சலும் அதற்கேற்றபடி இருக்கின்றன. இந்தச் சுற்றுப்புறம் முழுவதும் முன்னாளில் எப்படியிருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள், 1937-ல் இங்கே இடம் பெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்துக்குள் எட்டிப் பார்த்தால் போதும். 365 ஏக்கர் நிலத்தில் முட்புதரும் சிறுமரமும் செம்மண்ணுமாக அந்தப் பழைய பூமி அப்படியே கிடக்கிறது, மான்கள் மேய்கின்றன.

ரயில் பாதைக்குக் கிழக்கே சேலையூர். 1970-ஐ ஒட்டிய காலத்தில், ரோமுலஸ் விட்டேக்கர் என்னும் அமெரிக்க வாலிபர் ஒருவர் இந்தக் கிராமத்தில் சிறியதொரு பாம்புப் பண்ணை வைத்திருந்தார். பிற்பாடு கிண்டியில் புகழ் பெற்ற பாம்புப் பூங்காவுக்கு வித்து அதுதான். அவர் நம் நாட்டுப் பிரஜையாகி, 2018-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவருக்குப் பாம்பு வித்தையின் பல பாடங்களைக் கற்பித்த ஆசிரியர்கள், எழுதப் படிக்கத் தெரியாத இருளர்களே. காட்டிலே அவர்கள் பின்னால் நடந்து கற்றதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அக்காலத்தில் இருளர்களுடைய ஜீவனம் பாம்புத் தோல். சாரையும் நல்ல பாம்பும் ஆயிரக் கணக்கில் பிடிபட்டு, உரிக்கப்பட்டு, சீமாட்டிகளின் கைப்பையாகவும் செருப்பாகவும் மேல்நாடு சென்றன. தரகன் தோலுக்குக் கொடுத்தது சில்லறைக் காசு. எலிகளைத் தின்னும் பாம்புகள் ஒழிந்ததால் வயலில் எலிகள் பெருகின. 1972-ஆம் ஆண்டுச் சட்டமும், 1976-ல் வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வியாபாரத்தை நிறுத்தின. நியாயமான தடைதான், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் தோலில் லாபம் கண்டவன் வேறு சரக்குக்கு மாறிக்கொண்டான். பாம்பைத் தவிர வேறொன்றும் அறியாத இருளனுக்கு மட்டும் ஒரே நாளில் அடுப்பு அணைந்தது.

நிற்க. வண்டலூரில் மிருகக்காட்சிச் சாலையைக் கடந்து, கேளம்பாக்கம் சாலையில் திரும்பினோம். கண்டிகை, மேலக்கோட்டையூர், மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஊர்ப் பெயர்கள் இன்னும் கிராமங்களாகவே ஒலிக்கின்றன, ஊர்கள்தாம் அப்படியில்லை. பத்து மாடி, பதினைந்து மாடி வீடுகளுக்கு நடுவே ஏரி ஒன்று, அதன் கரையில் நான்கு வயல், வயலுக்கு அப்பால் ஒரு வேலிகாத்தான் புதர். இந்தத் துண்டு நிலங்கள்தாம் இன்றைய வேட்டைக்காடு.

இங்கே சங்கத்து அங்கத்தினரான முதியவர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். கையில் ஒரு கடப்பாரை. தோளில் ஒரு துணிப்பை. வேட்டைச் சாமான் அவ்வளவே. காலில் செருப்புக்கூட இல்லை.

நாங்கள் பார்த்தது வெறும் வரப்பு. அவர் பார்த்தது வேறு. ஒரு வளையின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. சில நாட்களாக யாரும் உள்ளே போகவில்லை என்று சொல்லி நின்று பாராமலே நகர்ந்தார். மற்றொரு வளையில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. குந்தி உட்கார்ந்து விரலால் தடவினார். எச்சத்தைப் பொறுக்கி நசுக்கி, அதில் எலி மயிர் இருக்கிறதென்று காட்டினார். புழுதியில் எங்களுக்குத் தென்படாத கோடு ஒன்று அவருக்குத் தென்பட்டது. அது போன தடமா வந்த தடமா, நேற்றையதா இன்றையதா என்பதையெல்லாம் அதிலேயே வாசித்தார். முப்பது வருஷங்களாகப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுக்கிற தொழிலை நான் ஓரளவு அறிந்தவன்; இப்படி ஒரு வாசிப்பை எந்தப் பள்ளியிலும் கண்டதில்லை.

நல்ல பாம்பு எலி வளையிலும் கறையான் புற்றிலும் குடியிருக்கும். கண்ணாடி விரியன் தாழம் புதரையும் கள்ளி வேலியையும் நாடும். சுருட்டை விரியன் கல்லுக்கடியில் சுருண்டு கிடக்கும். கட்டுவிரியன் இரவில்தான் வெளியே வரும். இந்த நான்குந்தான் நம் நாட்டில் மனிதரைக் கொல்வதில் பெரும் பங்கு கொண்டவை; சங்கத்தார் விஷம் எடுப்பதும் இந்த நான்கிலிருந்தே.

அரை மணி நேரம் கடப்பாரையால் வரப்பைக் கிளறிய பின்னர் ஒரு வால் நுனி தெரிந்தது. முதியவர் அதைப் பற்றி, அவசரம் சிறிதுமின்றி, குழந்தையின் கையைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்தார். நாலடி நீளமுள்ள நல்ல பாம்பு படம் விரித்துச் சீறியது. கடப்பாரையை அதன் உடலுக்கடியில் கொடுத்துத் தூக்கி, பையின் வாயைக் காட்டினார். பை இருட்டாக இருந்ததனால் பாம்பு அதை வளை என்றே எண்ணிக்கொண்டது போலும், தானாகவே நுழைந்துவிட்டது. என் நண்பர் அப்போது ஐம்பது கஜத்துக்கு அப்பால் ஒரு பனைமரத்தடியில் நின்று இயற்கைக் காட்சியை ரசித்துக்கொண்டிருந்தார்.

தோண்டிய வரப்பை முதியவர் மண் போட்டு மிதித்துச் சரிசெய்தார். வயலுக்குடையவர் மறுமுறை விட வேண்டுமல்லவா? எலி பிடிப்பதிலும் இவர்கள் வல்லவர்கள். வளைக்குள் புகையூதி எலியைப் பிடிப்பார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்கே. பெண்களும் இவ்வேலையில் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் சென்று, கழியின் ஓரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். இடுப்பளவு உப்புத் தண்ணீரில் சிலர் குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. சேற்றைக் கையால் துழாவி இறால் எடுத்துப் பறியிலே போட்டுக்கொள்கிறார்கள். இருளரின் மீன் வேட்டை இது.

வடநெம்மேலியில் சாலையின் கடற்புறத்தில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1976-ல் ஏற்பட்டது. அதன் எல்லைக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. தோல் வியாபாரம் நின்று போனபின், கொல்லாமலே பிழைக்க ஒரு வழி கண்டு 1978-ல் இச்சங்கம் தொடங்கியது. முந்நூறுக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் இருக்கிறார்கள்.

கூரைக்குக் கீழே மணல் பரப்பி, வரிசை வரிசையாக மண்பானைகள் வைத்திருக்கிறார்கள். குயவன் வீட்டுத் திண்ணை என்றே தோன்றும்; துணி கட்டிய ஒவ்வொரு வாயினுள்ளும் ஒரு யமன் என்பதை அறியாதவரையில். ஒரு பாம்பை மூன்று நான்கு வாரங்களே வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை அதன் பல்லைக் கண்ணாடிக் குப்பியின் வாயில் கட்டிய மெல்லிய தோலில் பதிய வைப்பார்கள். மஞ்சள் நிறமாகச் சில துளிகள் இறங்கும். அதை உறைய வைத்து உலர்த்தினால் பொடியாகும். கிராம் கணக்கில் மருந்துக் கம்பெனிகளுக்கு விற்பனை. அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். நான்கு முறை விஷம் கொடுத்த பாம்பு, வயிற்றுச் செதிலில் அடையாளத்துடன் காட்டுக்குத் திரும்பும். அந்த அடையாளம் மறையுமுன் அது மீண்டும் அகப்பட்டால் பானைக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறையப் பன்னிரண்டு லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி ஐம்பத்தெட்டாயிரம். அவர்களில் மிகப் பலர் கிராமத்துக் குடியானவர்கள். இதற்கு மருந்து ஒன்றுதான். நாடு முழுவதற்குமான அந்த மருந்துக்கு மூலப்பொருள் நெடுங்காலமாகப் பெரும்பாலும் இந்தப் பானைகளிலிருந்தே சென்று வந்திருக்கிறது. இதில் ஒரு குறையும் உண்டு. ஒரே ஜாதிப் பாம்பின் விஷமும் தேசத்துக்குத் தேசம் வேறுபடுகிறது. செங்கற்பட்டு விஷத்தில் செய்த மருந்து பஞ்சாபிலோ வங்காளத்திலோ அதே வேகத்துடன் வேலை செய்வதில்லை என்கிறார்கள். இது இருளரின் குற்றமன்று. மற்ற மாகாணங்களிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றாமற் போனதன் குற்றம்.

இனி, நம் நாட்டார் பெருமை கொள்ள வேண்டிய ஒரு செய்தி. அமெரிக்காவின் பிளாரிடா ராஜ்யத்தில், செல்லப் பிராணியாக வளர்க்கக் கொண்டுவந்த பர்மா மலைப்பாம்புகள் தப்பிப் பெருகி, சதுப்புக் காட்டிலுள்ள முயலையும் மற்றச் சிறு மிருகங்களையும் விழுங்கித் தீர்த்துவிட்டன. 2016-ல் ஒரு பெரிய வேட்டைப் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்து, ஒரு மாதம் தேடி, அகப்பட்டவை 106. மறுவருஷம் ஜனவரியில் ஸ்ரீ மாசி சடையன், ஸ்ரீ வடிவேல் கோபால் என்னும் இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். மற்றவர்கள் மோட்டாரில் சாலையோரமாகப் பார்த்துக்கொண்டு போகையில், இவர்கள் இரும்புக் கம்பியுடன் புதருக்குள்ளே நுழைந்தார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 13 மலைப்பாம்புகள். அவற்றில் ஒன்று பதினாறு அடி நீளம். 2023-ல் இவ்விருவருக்கும் நம் சர்க்கார் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இந்த வித்தை இன்னும் எத்தனை காலம்? பாம்பு பிடிக்க வருஷந்தோறும் உத்தரவு வேண்டும். உத்தரவுக் காகிதம் ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்கு நகரும் வரையில் பானைகள் காலியாக நிற்கும். பானை காலியானால் சட்டியும் காலி. இருளர் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள்; அதிலும் மிகவும் நலிந்த பிரிவினர் என்று சர்க்காரே குறித்திருக்கிறது. ஆனால் ஓர் இருளச் சிறுவனுக்கு ஜாதிச் சான்றிதழ் வாங்கித் தர அவன் தந்தை எத்தனை நாள் கூலியை இழந்து அலைய வேண்டியிருக்கிறது என்பதை என் போன்ற ஆசிரியர்கள் அறிவார்கள். புழுதியில் பாம்பின் தடத்தைக் கண்டு அது இருக்குமிடம் சேருகிறவனுக்கு, ஒரு தாலுக்கா ஆபீஸில் தன் மனு இருக்குமிடம் தெரிவதில்லை. பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகம் பார்க்கட்டும் என்பதே நாங்கள் கண்ட முதியவரின் விருப்பம். அது தவறென்று யார் சொல்ல முடியும்? அவர் மகன் கட்டட வேலைக்குப் போகிறான். அப்பா பாம்பு தேடும் அதே சாலையில்தான்.

வடநெம்மேலிக்குத் தெற்கே சிறிது தூரத்தில் மாமல்லபுரம். மாசி மகத்தை ஒட்டிய பௌர்ணமியன்று இருளர்கள் செங்கற்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் முதலிய பல சீமைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே கடற்கரையில் வந்து கூடுகிறார்கள். புடவையைக் கட்டி மறைப்பு அமைத்து இரவெல்லாம் மணலில் தங்குகிறார்கள். விடியற்காலையில் மணலாலேயே ஏழு படி அமைத்துக் கன்னியம்மனுக்குப் பூஜை. முடியிறக்குவதும் காது குத்துவதும் பெண் பார்ப்பதும் கல்யாணமும் எல்லாம் அங்கேயே நடைபெறும். ஊரூராகப் பிரிந்து கிடக்கும் வேட்டைக்காரர்கள் செய்தி பரிமாறிக்கொள்வதும் அந்த மணலில்தான். எந்த ஏரியில் இவ்வருஷம் தண்ணீர் நின்றது, எந்த வயலில் எலி அதிகம், யாரை விரியன் கடித்தது, எவர் பிழைத்தார், எந்தப் புதரை வெட்டி மனை போட்டுவிட்டார்கள் என்பவையே அவர்கள் பேச்சு. வெயில் ஏறுமுன் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்.