பூங்கா பெயரில் ஒரு நடனம்!

கிளாஸ்கோ நகரின் தெற்கு ஓரத்தில் ரூக்கன் கிளென் என்றொரு பூங்கா. 'கிளென்' என்றால் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் குறுகலான பள்ளத்தாக்கு. வாசலில் நின்று பார்த்தால் புல்வெளி, படகுக் குளம், வாத்துக்குத் தீனி போடும் பிள்ளைகள். இதெல்லாம் எந்த ஊரிலும் இருப்பதுதான். கொஞ்சம் உள்ளே நடந்து மரங்களுக்கு நடுவே இறங்குங்கள். ஆல்ட்ஹவுஸ் ஓடை அருவியாக விழும் சத்தம் கேட்கும். அதற்காகவே போகலாம். குடையை மட்டும் மறக்காதீர்கள், கிளாஸ்கோ மழை சொல்லிவிட்டு வராது.

ஒரு காலத்தில் இது, துணியில் அச்சுப் போடும் ஆலை நடத்திய கிரம் குடும்பத்தின் சொத்து. பிறகு ஆர்ச்சிபால்ட் கேமரூன் கார்பெட் என்ற எம்.பி. வாங்கி, 1906-ல் கிளாஸ்கோ மக்களுக்கே கொடுத்துவிட்டார். லீவு நாளென்றால், நெற்றியில் 'ரூக்கன் கிளென்' என்று எழுதிய டிராமில் ஏறி, குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள்.

இதே பெயரில் ஒரு ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸும் இருக்கிறது. சிலர் மேடையில் ஆட, மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிற நடனமல்ல இது. ஊர் மண்டபத்தில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை என்று ஜோடி ஜோடியாக நின்று, வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஆடுவது. பெயரை அறிவித்ததுமே யார் எப்போது கை கோக்க வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வந்தாக வேண்டும். வராதவர்கள் பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து அவசரமாக ஒரு பார்வை பார்ப்பதும் உண்டு!

வேகமான ஆட்டத்துக்கு ரீல் என்று பெயர். நிதானமானது ஸ்ட்ராத்ஸ்பே. அது ஸ்பே ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் பெயர். தாளத்துக்கே இடத்தின் பெயரை வைத்தவர்கள், பூங்காவை விட்டுவிடுவார்களா என்ன?

அழிந்துகொண்டிருந்த இந்த ஆட்டங்களைத் தேடித் திரட்ட 1923-ல் ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டூவர்ட் என்ற இரண்டு பெண்கள் முன்னின்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொடங்கிய இடமும் கிளாஸ்கோதான். இன்று டோக்கியோவில்கூட அதற்குக் கிளை இருக்கிறது.

கிளாஸ்கோ டிராம்கள் 1962-ல் நின்றுபோயின. அந்தப் பெயர்ப் பலகையும் போயிற்று. ஆனால் எங்கோ ஒரு மண்டபத்தில் "அடுத்தது, ரூக்கன் கிளென்!" என்று குரல் கேட்டதும், அந்த அருவியை ஒருநாளும் பார்த்திராதவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து ஜோடி தேடுகிறார்கள்.